பட்டியில் கேட்ட பொருத்தம்

கிண்ணியாவில் ஒருவருக்கு ஹஜ்ஜுக்குப் பெயர் வந்துவிட்டால் அவர் முதலில் போவது மக்காவுக்கு அல்ல, ஊருக்குள். சொந்தக்காரர், அயல்வீட்டார், முன்னொரு காலத்தில் சண்டை பிடித்தவர், கடைக்காரர், வேலைக்கு வந்து போனவர் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குவார். "கூடக் குறைய ஏதும் கதைச்சிருந்தா பொருந்திக்கங்க" என்று கேட்பார். அவர்களும் "பொருந்திட்டம், போயிட்டு வாங்க, எங்களுக்கும் துஆச் செய்ங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். இப்படி மன்னிப்புக் கேட்பதற்குப் பெயர் பொருத்தம் கேட்பது. ஒரு மனிதனின் மனத்தில் நம்மைப் பற்றிய கறள் ஒன்று கிடக்க, நாம் போய் ஆண்டவன் வாசலில் நின்றால் அது சரிவராது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான். அந்தச் சாட்டிலாவது மனிதன் மனிதனின் வீட்டுக்குப் போகிறானே.

தயிர்க்கார ஸெய்னுதீனுக்கும் அவர் மனைவி பல்கீஸுக்கும் இந்த வருசம் பெயர் வந்தது. ஊருக்குள் கேட்கவேண்டியவர்களிடம் எல்லாம் கேட்டு முடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது பட்டிக்காரர்கள். மாடுகளையும் எருமைகளையும் கூட்டமாக வைத்துக் கறக்கிற இடத்தை எங்கள் பக்கம் பட்டி என்போம். ஸெய்னுதீன் வாலிபத்தில் சைக்கிளில் பால் கான் கட்டிக்கொண்டு போன காலத்திலிருந்து மூன்று பட்டிகளில் பால் எடுத்திருக்கிறார். சூரங்கலில் மஹ்ரூப், வெருகல் ஆற்றோரம் பிரகலாதன், தம்பலகாமத்தில் சோமசேகரம். இந்த மூன்று பேரின் பாலும் இல்லாவிட்டால் தன் வீட்டுச் சட்டி ஒன்றிலும் தயிர் உறைந்திருக்காது என்பார். அதை அவர் பெருமைக்குச் சொல்வதில்லை.

ஆகவே ஒரு சின்னப் பயணம் திட்டமிட்டார்கள். அந்தத் திட்டத்தைப் போட்டவன் மகன் ஸாஜித். நிலாவெளியில் ஹோட்டல்களுக்கு வரும் வெள்ளைக்காரர்களை வேனில் ஏற்றி இறக்குவது அவன் தொழில். கடலைப் பார்த்து அலுத்தவர்களைப் பட்டி காட்டக் கூட்டிக்கொண்டு போவான். எருமைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு அவர்கள் சந்தோசமாகத் திரும்புவார்கள். அதனால் எந்தப் பட்டியில் எப்போது கறவை, எந்த வழியில் யானை நிற்கும், எந்த இடத்தில் தேத்தண்ணி நல்லது என்பதெல்லாம் அவனுக்குத் தண்ணிபட்ட பாடு. உம்மாவையும் வாப்பாவையும் குசினியில் கதிரை போட்டு உட்காரவைத்து, ஹோட்டல்காரர்களுக்குச் சொல்வதுபோல் விளக்கினான். செவ்வாய் சூரங்கல், புதன் வெருகல், வியாழன் தம்பலகாமம். விடிந்தபிறகுதான் புறப்பட வேண்டும், ஏனென்றால் தம்பலகாமம் ரோட்டில் இருட்டோடு போனால் யானையிடமும் பொருத்தம் கேட்க வேண்டிவரும் என்றான். பல்கீஸ் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். வெள்ளிக்கிழமை ஏன் வேண்டாம் என்று ஸெய்னுதீன் கேட்க, நமக்கு ஜும்மா, சோமசேகரம் வீட்டில் அன்றைக்கு மரக்கறி, உங்களுக்கு அவர்கள் கோழி சமைக்க ஏலாமல் அந்தரப்படுவார்கள் என்று பல்கீஸ் விளக்கம் சொன்னாள். கொண்டுபோவதற்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்டுத் தொதல் கிண்டுவது என்று தீர்மானமாயிற்று. தொதலில் எந்த வீட்டுக்கும் தடை இல்லை.

பல்கீஸுக்கு இந்தப் பயணத்தில் தனியாக ஓர் ஆசையும் இருந்தது. சோமசேகரத்தின் மகள் சிவாஜினி இரண்டு வருசமாகப் பாற்கட்டி போடுகிறாள். நாங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த சொல் அது. வாயில் எல்லோரும் சீஸ் என்றுதான் சொல்வோம். எருமைப்பாலைக் காய்ச்சி, தேசிக்காய்ப் புளி விட்டுத் திரைய வைத்து, துணியில் கட்டி, மேலே கல்லைத் தூக்கி வைத்து, பிறகு உப்புத் தண்ணீரில் போடுகிறாள். கிழமைக்கொரு தடவை ஸாஜித் அதை வேனில் எடுத்துப்போய் நிலாவெளி ஹோட்டல்களில் கொடுப்பான். பல்கீஸுக்கோ பால் திரைவது என்றால் வீட்டில் ஒரு துக்கம். திரைந்த பாலைக் கொட்டிவிட்டு அவள் சோறு தின்னாமல் படுத்த நாள்கள் உண்டு. தெரிந்துகொண்டே நல்ல பாலைத் திரைய வைக்கிற ஒரு பெண்ணை நேரில் பார்க்கவேண்டும் என்று அவள் ஸாஜித்தைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

இப்போது சோமசேகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸெய்னுதீன் அவரை அண்ணன் என்பார். அவர் ஸெய்னுதீனை நானா என்பார். நானா என்றாலும் அண்ணன்தான். இருவரில் யார் மூத்தவர் என்று இன்றைக்குவரை ஒருவருக்கும் தெரியாது. கேட்டுவிட்டால் ஒருவர் தம்பியாக வேண்டிவரும் என்று இருவருமே கேட்காமல் விட்டிருக்கிறார்கள்.

கடல் வந்த வருசம் கிண்ணியாக் கரையில் ஸெய்னுதீனின் வீடும் தயிர்க் கொட்டிலும் போய்விட்டன. ஆட்கள் தப்பியதே பெரிய காரியம். பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துக் கிடந்தார்கள். ஸாஜித் அப்போது கைக்குழந்தைக்குக் கொஞ்சம் மூத்தவன். அங்கே ஒருநாள் உழவு இயந்திரப் பெட்டியில் பால் கான்களோடு சோமசேகரம் வந்து இறங்கினார். குழந்தைகளுக்குப் பாலை ஊற்றிக் கொடுத்தார். எல்லோரும் குடித்தபிறகு ஸெய்னுதீனைத் தனியே கூப்பிட்டு, சாக்கால் சுற்றிய ஒரு சின்னச் சட்டியைக் கையில் வைத்தார். உள்ளே தயிர். தின்பதற்கான தயிர் இல்லை, உறைக்கான தயிர். "உறை இல்லாம நீங்க என்னெண்டு நானா தொழில் தொடங்குறது" என்று மட்டும் சொன்னார். மற்றவர்கள் எல்லாம் அரிசி தந்தார்கள், உடுப்புத் தந்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கும் கூலி கொடுக்கட்டும். அண்ணன் ஒருவர்தான் நான் மறுபடி தயிர்க்காரனாக எழும்புவேன் என்று நம்பினவர் என்று ஸெய்னுதீன் சொல்வார். அந்த உறையில் கொஞ்சம் எடுத்து அடுத்த நாள் பாலுக்கு, அதில் கொஞ்சம் எடுத்து அதற்கடுத்த நாளுக்கு என்று இன்றுவரை அறுபடவில்லை. கிண்ணியாப் பாலத்தடியில் நீங்கள் வாங்கித் தின்னும் ஸெய்னுதீனின் தயிர் தம்பலகாமத்து வீட்டுத் தயிரின் பேரப்பிள்ளை.

இவ்வளவு கடமைப்பட்ட மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியுமா. திங்கட்கிழமை பின்னேரம் ஸெய்னுதீன் தொலைபேசி எடுத்தார். ஹஜ்ஜுக்குப் போகிறேன் என்பதை அவர் சொல்லவில்லை. அதைத் தொலைபேசியில் சொன்னால் பெருமையடித்த மாதிரி இருக்கும், முகத்துக்கு நேரே பணிவாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் எண்ணம். சோமசேகரம் அப்போது குளக்கட்டில் நின்றார். பட்டிக்குள் சிக்னல் கிடையாது, கட்டின்மேல் ஏறினால்தான் பேச முடியும். கச்சான் காற்று தொடங்கிவிட்டிருந்தது; அந்தக் காற்றில் கட்டின்மேல் நின்று பேசுகிறவருக்குப் பாதிதான் கேட்கும். கேட்ட பாதி இதுதான்.

"அண்ணன், வாற வியாழக்கிழமை நானும் பல்கீஸும் ஸாஜித்தைக் கூட்டிக்கொண்டு உங்கட வீட்டுக்கு வாறம். பொருத்தம் கேட்டுத்தான் வாறம்."

பிறகு சோமசேகரம், "நானா, வர வேண்டாம். அது சரிவராது" என்றார். தொலைபேசி நின்றது.

அங்கேதான் வினை. சோமசேகரத்தின் வீட்டில் அந்த மாதம் முழுக்கப் பொருத்தம் என்ற சொல்தான் நடமாடிக்கொண்டிருந்தது. சிவாஜினியின் சாதகக் குறிப்பு உப்புவெளியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தது. பொருத்தம் பார்த்துச் சொல்கிறோம் என்றவர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை. இதற்கிடையில் ஸாஜித்தின் வேன் கிழமைக்கொரு தடவை படலையடியில் நிற்பதைப் பற்றித் தேத்தண்ணிக் கடையில் ஒரு கதை உலாவியது. கிண்ணியாப் பெடியன் சீஸ் எடுக்கத்தான் வருகிறானா என்று சொந்தக்காரர் ஒருவர் சோமசேகரத்தின் காதில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அப்படிப்பட்ட நேரத்தில் தகப்பன், தாய், மகன் மூன்று பேரும் பொருத்தம் கேட்டு வருகிறோம் என்றால் ஒரு பெண்ணின் தகப்பன் என்னத்தை நினைப்பார்.

முஸ்லிம் வீட்டில் குறிப்புப் பார்க்கிற வழக்கம் இல்லை என்று அவருக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நன்றாகத் தெரியும். நானா மரியாதை தெரிந்த மனிதர், எங்கள் வழக்கத்துச் சொல்லை எடுத்து முறையாகக் கேட்கிறார் என்று நினைத்தார். அதுதான் அவரை இன்னும் கலக்கியது. மரியாதை இல்லாமல் கேட்டிருந்தால் கோபித்துவிட்டு இருந்திருக்கலாம். மனைவி பாக்கியரத்தினத்திடம் மட்டும் சொன்னார். அவள் அடுப்படியில் இருந்து அழுதாள். மகளிடம் இருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இனி அந்த வேனில் ஒன்றும் கொடுத்துவிட வேண்டாம் என்று மட்டும் சோமசேகரம் கட்டளை போட்டார். சிவாஜினி ஏன் என்று கேட்டதற்கு, நான் சொன்னால் கேள் என்றார்.

இங்கே ஸெய்னுதீனின் வீட்டில் நிலைமை வேறு. பொருத்தம் கேட்டு வருகிறேன் என்ற மனிதனை வர வேண்டாம் என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு அதன் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். நான் உன்னை மன்னிக்க மாட்டேன் என்பது. ஸெய்னுதீன் கதிரையில் இருந்தவர் இருந்தபடியே இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போயிற்று. "சோமண்ணன் பொருந்தாம நான் விமானம் ஏறமாட்டன்" என்றார். பல்கீஸ் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஒரு மனிதனின் ஹக்கை, தீர்க்காத கடனைச் சுமந்துகொண்டு கஃபாவைச் சுற்றி என்ன பிரயோசனம் என்று கேட்டார். அந்த மனிதர் விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. ஏறமாட்டேன் என்றால் ஏறமாட்டார். எத்தனையோ வருசமாகக் காத்திருந்து வந்த பெயர், போனால் போனதுதான்.

சூரங்கல் பயணமும் வெருகல் பயணமும் சொன்னபடி நடந்தன. மஹ்ரூப் கட்டிப்பிடித்து அழுதார். வெருகலில் பிரகலாதன் ஆற்றங்கரையில் புதிதாக ஈன்ற மாட்டைக் காட்டி, மோர் தந்து, கோயில் கொடியேற்றத்துக்குத் தயிர் அனுப்பினதை நினைவுபடுத்தி, மனத்தில் ஒன்றுமில்லை, சுகமாகப் போய்வாருங்கள் என்றார். ஸெய்னுதீன் நன்றி சொன்னார், சாப்பிட்டார், சிரித்தார். ஆனால் வேனில் ஏறியதும் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் தன் வாழ்க்கையைக் கிளறிக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு நான் என்ன செய்தேன். ஒருதரம் மழைத்தண்ணி விழுந்த கானைப் பார்த்துவிட்டுப் பால் தண்ணியாக இருக்கிறது என்று நாலு பேர் முன்னால் சொன்னது ஞாபகம் வந்தது. அதை அன்றைக்கே சோமசேகரம் சிரித்து விட்டுவிட்டார். அவர் தாய் செத்த வீட்டுக்குப் போகாமல் விட்டேனா என்று யோசித்தார். போனதும் பந்தல் கட்டக் கை கொடுத்ததும் நினைவிருந்தது. இப்படியே தேடிக்கொண்டு போய்க் கடைசியில் ஒன்றைப் பிடித்தார். போன மாதம் தேத்தண்ணிக் கடையில், "சோமண்ணன்ட மகள் பாலைத் திரைய வைச்சு வெள்ளைக்காரனுக்குத் தின்னக் குடுக்குறா" என்று பகிடி விட்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். அது அவர் காதுக்குப் போயிருக்கும். பெற்ற மகளின் தொழிலைச் சந்தியில் வைத்துக் கேலி பண்ணினால் எந்தத் தகப்பனுக்குத்தான் பொறுக்கும். இதுதான், வேறொன்றும் இல்லை என்று அவர் முடிவே கட்டிவிட்டார். ஸாஜித் வேறு வந்து, சிவாஜினி அக்கா சீஸ் தரவில்லை, அப்பா கொடுக்க வேண்டாம் என்றுவிட்டாராம் என்றான். அதோடு ஸெய்னுதீனுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

புதன் இரவுச் சாப்பாட்டில் நாளைக்குத் தம்பலகாமம் இல்லை என்று ஸெய்னுதீன் சொன்னார். வர வேண்டாம் என்றவர் வாசலில் போய் நிற்கிறது அவரைச் சங்கடப்படுத்துகிற வேலை என்றார். பல்கீஸ் இதுவரை பொறுமையாக இருந்தவள், கறிச்சட்டியை டக்கென்று கீழே வைத்தாள்.

"அவர் வர வேணாமெண்டு சொன்னது பொருத்தம் கேக்க. நான் போறது பட்டி பாக்க, சீஸ் போடுறதைப் பாக்க. வெள்ளைக்காரனுக்குக் காட்டுற பட்டியை என்ட மகன் எனக்குக் காட்ட மாட்டானா? தொதல் கிண்டி வைச்சிரிக்கன். நீங்க வேணுமெண்டா வேனுக்குள்ள இருங்க."

ஸாஜித் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு, நாளைக்கு விடிந்ததும் வேன் வாசலில் நிற்கும் என்றான். இந்தப் பல்கீஸ்களால்தான் எங்கள் ஊரில் பாதிக் காரியம் நடக்கிறது. ஆண்கள் ரோசத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கையில் பெண்கள் தொதலைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள்.

வியாழன் காலையில் தம்பலகாமம் வயல்களில் வெட்டின தாள்கள் காய்ந்து கிடந்தன. சிறுபோகத்துக்கு இன்னும் தண்ணீர் திறக்கவில்லை. அதுவரை எருமைகளுக்கு அந்த வயல்வெளி முழுக்கச் சொந்தம். ஸாஜித் படலையடியில் வேனை நிறுத்தினான். கறவை முடிகிற நேரம். கன்றுகளை அவிழ்த்துவிட்டிருந்தார்கள், அவை தாயை முட்டி முட்டிக் குடித்துக்கொண்டிருந்தன. சாணமும் புகையும் பச்சைப்பாலும் கலந்த அந்த மணம் வந்ததும் ஸெய்னுதீனுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை விடியல்களில் இந்த மணத்துக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வேனுக்குள் இருக்க அவருக்கு மனம் வரவில்லை. அவராகவே இறங்கினார்.

சோமசேகரம் பால் வாளியோடு வந்தவர் இவர்களைக் கண்டு அப்படியே நின்றார். வீட்டுக்கு வந்தவர்களை வா என்று சொல்லாமல் இருக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. வாங்கோ என்றார். வாளியை விடாமல் மறுகையால் கதிரைகளை எடுத்து மாமரத்தின் கீழ் போட்டார். பாக்கியரத்தினம் வந்து பல்கீஸின் கையைப் பிடித்தாள், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. தொதல் பார்சலை வாங்கி மேசையில் வைத்தாள், அதைப் பிரிக்கவில்லை. சம்பந்தம் பேச வருகிறவர்கள் இனிப்போடுதான் வருவார்கள் என்பது உலகத்துக்கே தெரியும்.

பல்கீஸ் இதொன்றும் அறியாதவளாய், எங்கே மகள், உங்கள் மகளைப் பார்க்கத்தான் நான் கிண்ணியாவில் இருந்து வந்தேன் என்று கேட்டுவைத்தாள். பாக்கியரத்தினம் தொதல் பார்சலை மேசையில் இன்னும் தள்ளி வைத்தாள். உள்ளே இருந்து சிவாஜினி நனைந்த கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பல்கீஸ் அவளை மேலும் கீழும் பார்த்து, நல்ல பிள்ளை, எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை என்று கன்னத்தைத் தடவினாள். சோமசேகரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸெய்னுதீனால் இதற்கு மேல் தாங்க முடியவில்லை. கதிரையை விட்டு எழும்பினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அண்ணன், வர வேணாமெண்டு சொல்லியும் வந்திட்டன். பிள்ளைட விசயமாத்தான் உங்களுக்கு மனவருத்தம் எண்டு எனக்கு விளங்கிச்சு. இவ்வளவு காலம் உங்கட வீட்டுப் பாலில வளந்த குடும்பம் எங்கட குடும்பம். இதை நீங்க பொருந்தாட்டி நான் எங்கயும் போக ஏலாது. தயவு செஞ்சு பொருந்திக்கங்க."

சோமசேகரம் வாளியைக் கீழே வைத்தார்.

"நானா, வேற என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ. இந்தப் பட்டியைக் கேட்டாலும் தருவன். பிள்ளையைக் கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

"பிள்ளையை நான் எங்க கேட்டனான்?" என்றார் ஸெய்னுதீன். "பிள்ளை பால் திரைய வைக்கிறதைப் பகிடி பண்ணினதுக்கு மன்னிப்பெல்லோ கேக்கிறன். நாங்க ஹஜ்ஜுக்குப் போறம் அண்ணன். போக முந்திப் பொருத்தம் கேக்க வந்தனாங்க. மனக்குறை இருந்தா மன்னிக்கச் சொல்லி."

முதலில் விளங்கியது பாக்கியரத்தினத்துக்கு. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான். பிறகு பல்கீஸுக்கு விளங்கியது. அல்லாஹ்வே என்று நெற்றியில் கைவைத்தாள். தான் கன்னத்தைத் தடவினதும் கெட்டிக்காரப் பிள்ளை என்றதும் எல்லாம் அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஸாஜித் வேன் பக்கம் போய் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். டயரில் ஒன்றுமில்லை.

சிவாஜினிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மூன்று நாளாகத் தகப்பன் முகம் கொடுக்காமல் திரிந்ததும், தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்ததும், தன் பாற்கட்டி உப்புத் தண்ணீருக்குள் கிடந்ததும் எதனால் என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது.

"எனக்கு மாப்பிள்ளை வந்ததெண்டு நினைச்சீங்கள், வேண்டாமெண்டும் முடிவெடுத்தீங்கள். என்னட்ட ஒரு சொல் கேக்கேல்ல. ஸாஜித் தம்பி நான் போடுறதைக் கொண்டுபோய்க் குடுக்கிறவன். அவன்ட வேன் இல்லாட்டி இஞ்ச நான் போடுறதை ஆர் வாங்குறது? அவனுக்கு நன்றி சொல்ல வேண்டிய வீட்டில அவனைப் படலையோட திருப்பி அனுப்ப வைச்சீங்களே அப்பா."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஸெய்னுதீன் அவள் பின்னால் வாசற்படிவரை போய், மகள், பகிடி பண்ணினது நான், முதலில் நீங்கள் என்னைப் பொருந்துங்கள் என்று கேட்டார். அவள் திரும்பிப் பார்த்து, திரைஞ்ச பால் எண்டு சொன்னது சரிதானே மாமா, திரைஞ்ச பால்தான், தின்று பாருங்கோ என்று ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தாள். ஸெய்னுதீன் நின்றபடியே தின்றார். நல்லாயிருக்கு என்று சொல்வதற்குள் பல்கீஸ் அவர் கையில் மிச்சம் இருந்ததைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு சிவாஜினியின் பின்னால் குசினிக்குள் போய்விட்டாள். புளி எவ்வளவு, சூடு எவ்வளவு, துணி என்ன துணி என்று அவள் கேட்பதும், சிவாஜினி கோபம் ஆறி ஆறிப் பதில் சொல்வதும் வெளியே கேட்டது. பால் திரைந்து தண்ணீர் வேறாகப் பிரிந்த கட்டத்தில் பல்கீஸ் தன்னை அறியாமல் ஒரு பெருமூச்சு விட, இரண்டு பெண்களும் சிரித்தார்கள். பாக்கியரத்தினம் தொதல் பார்சலைப் பிரித்தாள்.

சோமசேகரம் சிரிக்கவில்லை. எழும்பிப் போய் எருமைகளோடு கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றின் கழுத்தைச் சொறிந்துகொண்டு முதுகைக் காட்டியபடி நின்றார். ஸெய்னுதீனுக்கு மறுபடியும் பயம் பிடித்தது. எல்லாம் தெளிந்த பிறகும் இந்த மனிதர் பொருந்தினேன் என்ற ஒரு சொல்லைச் சொல்லவில்லையே. மெல்ல அவர் பக்கத்தில் போய் நின்றார்.

சோமசேகரம் திரும்பினார்.

"நானா, உங்களில எனக்கு ஒரு குறையும் இல்ல. ஒருநாளும் இருந்ததில்ல. நான்தான் இப்ப கேக்கோணும். உங்கட சொல்லாலேயே கேக்கிறன். ஒரு சொல்லைக் கேட்டவுடன, என்ட படலைக்குள்ள வராதை எண்டு சொன்னனே, இவ்வளவு காலம் வந்து போன மனிசனை. அதைப் பொருந்துங்கோ."

"பொருந்திட்டன் அண்ணன்" என்றார் ஸெய்னுதீன் அவசரமாக.

"பொறுங்கோ, முடியேல்ல. மக்காவுக்குப் போற மனிசனிட்டப் பாதியை மறைச்சுப் போட்டு வாங்கக் கூடாது." அவர் எருமையின் கழுத்தில் வைத்த கையை எடுத்தார். "நீங்க மெய்யாவே பிள்ளையைக் கேட்டிருந்தாலும் நான் இல்லையெண்டுதான் சொல்லியிருப்பன். மூண்டு நாளா அதைத்தான் யோசிச்சனான். உங்களை மாதிரி ஒருத்தர் எனக்கு இந்த உலகத்தில இல்ல. இருந்தும் என்னால அது ஏலாது நானா. அதையும் பொருந்த ஏலுமெண்டா பொருந்துங்கோ."

ஸெய்னுதீனுக்குக் கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் துடைக்கவில்லை.

"நானும் கேட்டிருக்க மாட்டன் அண்ணன்" என்றார். "என்ட மகன் வந்து கேக்கச் சொன்னாலும் கேட்டிருக்க மாட்டன். எனக்கும் அது ஏலாது. நீங்களும் என்னைப் பொருந்துங்க."

"பொருந்திட்டன்" என்றார் சோமசேகரம்.

பால் பிசுபிசுத்த கைகளைச் சாரத்தில் துடைத்துவிட்டு நீட்டினார். ஸெய்னுதீன் அவற்றைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தார். குசினியில் இருந்து தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். ஒருவருக்கொருவர் கொடுக்க முடியாதது இன்னதென்று வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. அதன் பிறகும் இருவரும் பிடித்த கையை விடவில்லை.